பிலிப்பினோ கிறித்தவ சபை, லாஸ் ஏஞ்சலஸ்

பிலிப்பினோ கிறித்தவ சபை என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வடக்கு யூனியன் அவென்யூவில் 301ஆம் எண் கட்டிடத்தில் அமைந்த ஒரு சீர்திருத்தக் கிறித்தவ சபை ஆகும். பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து குடியேறிய இளைஞர்கள் 1928ஆம் ஆண்டு சில்வெஸ்ட்ரே மொராலெஸ் என்பவரின் தலைமையில் தொடங்கிய பிலிப்பினோ கிறித்தவக் கூட்டுறவு என்னும் சிறு குழுவே இச்சபையின் தோற்றுவாய் ஆகும். அக்குழு 1933ஆம் ஆண்டு முழுமையான சபையாக உருப்பெற்றது. 1950ஆம் ஆண்டு முதல் யூனியன் அவென்யூக் கட்டிடம் இச்சபையின் இல்லமாக அமைந்தது. 1998ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி இக்கட்டிடத்தை 651ஆம் எண் வரலாற்று, பண்பாட்டு நினைவுச்சின்னமாக அறிவித்தது.

குடியுரிமை பெறவும், விரும்பியவரை மணக்கவும், விரும்பிய இடத்தில் குடியிருக்கவும் தடை இருந்த காலத்தில் தோன்றிய சபை இது. குடும்பம் அமைக்க முடியாமல் வாழ்ந்த ஒரு தலைமுறைக்கு இத்தகைய சபைகளே குடும்பத்தின் இடத்தை நிரப்பின. ஆகவே இச்சபையின் வரலாற்றை அமெரிக்கக் குடியேற்றச் சட்டங்களின் வரலாற்றோடு சேர்த்தே விளங்கிக்கொள்ள முடியும்.

சபைப் பிரிவு

இச்சபை கிறிஸ்துவின் சீடர்கள் என்று அழைக்கப்படும் சீர்திருத்தத் திருச்சபைப் பிரிவைச் சேர்ந்தது. இப்பிரிவு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எல்லைப்புற மாநிலங்களில் தோன்றியது. பார்ட்டன் ஸ்டோன், தாமஸ் கேம்பல், அவருடைய மகன் அலெக்சாண்டர் கேம்பல் ஆகியோர் இதன் முன்னோடிகள் ஆவர். ஸ்டோனைப் பின்பற்றியோரும் கேம்பலைப் பின்பற்றியோரும் 1832ஆம் ஆண்டு கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் ஒன்றிணைந்தனர்.

இப்பிரிவின் முக்கிய வழக்கங்கள் மூன்று. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் திருவிருந்து நடைபெறும். குழந்தைகளுக்கு அன்றி, நம்பிக்கையை அறிவிக்கும் வயதினருக்கே நீரில் முழுக்கித் திருமுழுக்கு அளிக்கப்படும். ஒவ்வொரு சபையும் தன் நிருவாகத்தைத் தானே கவனித்துக்கொள்ளும். மூன்றாவது வழக்கம் குடியேறிகளுக்குப் பயனுள்ளதாக இருந்தது. மேலிடத்திலிருந்து ஆயர் ஒருவர் நியமிக்கப்படும் வரை காத்திராமல், பொதுநிலையினரே ஒன்றுகூடி வழிபாட்டைத் தொடங்க இம்முறை இடமளிக்கிறது.

பின்னணி

பிலிப்பைன்சில் சீர்திருத்தக் கிறித்தவம்

பிலிப்பைன்ஸ் தீவுகள் 16ஆம் நூற்றாண்டு முதல் எசுப்பானியரின் ஆட்சியில் இருந்தமையால் அங்குள்ள மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் ஆவர். 1898ஆம் ஆண்டின் எசுப்பானிய அமெரிக்கப் போருக்குப் பின், அதே ஆண்டு திசம்பர் 10ஆம் நாள் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையின் மூலம் அத்தீவுகள் அமெரிக்காவின் வசமாயின. இதைத் தொடர்ந்து அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபைகளின் மறைபரப்பாளர்கள் அங்குச் செல்லத் தொடங்கினர்.

ஒரே ஊரில் பல சபைகள் போட்டியிடுவதைத் தவிர்க்கும் பொருட்டு 1901ஆம் ஆண்டு மணிலாவில் சுவிசேஷ ஒன்றியம் என்னும் அமைப்பு உருவாக்கப்பட்டு, நாட்டின் பகுதிகள் சபைகளுக்கிடையே பிரித்துக்கொள்ளப்பட்டன. அதே ஆண்டு கிறிஸ்துவின் சீடர்கள் பிரிவின் மறைபரப்பாளர்களும் பிலிப்பைன்ஸ் வந்தடைந்தனர். லூசோன் தீவின் வடமேற்கில் உள்ள இலோகோஸ் பகுதி இவர்களது முக்கிய களமாயிற்று. லவாக், விகான் ஆகிய ஊர்களில் இவர்கள் சபைகளையும் மருத்துவமனைகளையும் நிறுவினர்.

நிலம் குறைந்த, மக்கள் நெருக்கம் மிகுந்த இந்த இலோகோஸ் பகுதியிலிருந்தே பின்னாளில் மிகப் பெரும் எண்ணிக்கையிலான தொழிலாளர்கள் ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் சென்றனர். ஆகவே அமெரிக்கா சென்ற பிலிப்பினோக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கராக இருந்தபோதிலும், சீர்திருத்த வழிபாட்டை ஊரிலேயே அறிந்திருந்த ஒரு சிறுபான்மையினரும் அவர்களிடையே இருந்தனர்.

அமெரிக்காவுக்குக் குடிபெயர்வு

1903ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி பிலிப்பினோ மாணவர்கள் அரசுச் செலவில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பப்பட்டனர். இவர்கள் பென்சியனாடோ என்று அழைக்கப்பட்டனர். இவர்கள் தாயகம் திரும்பி உயர்பதவிகளில் அமர்ந்ததைக் கண்ட பல இளைஞர்கள், உழைத்துக்கொண்டே படிக்கலாம் என்ற நம்பிக்கையுடன் சொந்தச் செலவில் கப்பலேறினர்.

மறுபுறம், ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்கு 1906ஆம் ஆண்டு திசம்பரில் முதல் 15 பிலிப்பினோத் தொழிலாளர்கள் வந்து சேர்ந்தனர். 1934ஆம் ஆண்டு வரை ஹவாய்க்கு வந்தவர்களின் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. 1924ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் சப்பானியர் உள்ளிட்ட பிற ஆசியர்களின் வருகையைத் தடுத்தது. அமெரிக்க ஆட்சிக்குட்பட்டவர்கள் என்பதால் பிலிப்பினோக்களுக்கு அத்தடை பொருந்தவில்லை. இதனால் கலிபோர்னியப் பண்ணைகளில் அவர்களுக்கான தேவை உயர்ந்தது.

1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் 45,208 பிலிப்பினோக்கள் இருந்தனர். இவர்களில் 30,470 பேர் கலிபோர்னியாவில் வாழ்ந்தனர். கலிபோர்னியாவில் இருந்தவர்களில் சுமார் 94 விழுக்காட்டினர் ஆண்கள். அவர்களுள் பெரும்பாலோர் திருமணமாகாத இளைஞர்கள். பின்வந்த தலைமுறையினர் இவர்களை மானோங் தலைமுறை என்று குறிப்பிடுகின்றனர். மானோங் என்பது இலோகானோ மொழியில் அண்ணன் என்று பொருள்படும் மரியாதைச் சொல் ஆகும்.

லாஸ் ஏஞ்சலசில் லிட்டில் மணிலா

1930ஆம் ஆண்டளவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோக்கள் வாழ்ந்தனர். நகரின் மையப்பகுதியில், முதல் தெருவும் மெயின் தெருவும் சந்திக்கும் இடத்தைச் சுற்றி, சப்பானியர் வாழ்ந்த லிட்டில் டோக்கியோவை ஒட்டியவாறு லிட்டில் மணிலா என்னும் குடியிருப்பு உருவானது. முடிதிருத்தகங்கள், உணவகங்கள், வேலை தேடித் தரும் முகவரகங்கள், மலிவு வாடகை விடுதிகள், மேசைக் கோற்பந்துக் கூடங்கள் ஆகியவை அங்கு நிறைந்திருந்தன.

இங்கு வாழ்ந்தோர் வீட்டுப் பணியாளர், சமையற்காரர், உணவகங்களில் தட்டு எடுப்போர், மின்தூக்கி இயக்குநர் முதலிய வேலைகளைச் செய்தனர். சிலர் ஹாலிவுட் திரைப்படங்களில் துணை நடிகர்களாகத் தோன்றினர். பலருக்கு லாஸ் ஏஞ்சலஸ் குளிர்காலத் தங்குமிடமாக மட்டுமே இருந்தது. கோடையில் அலாஸ்காவின் மீன் பதனிடும் ஆலைகளுக்கும், பருவத்திற்கேற்ப ஸ்டாக்டனின் தண்ணீர்விட்டான் தோட்டங்களுக்கும், சலீனாசின் இலைக்கோசுப் பண்ணைகளுக்கும் அவர்கள் சென்று வந்தனர். எழுத்தாளர் கார்லோஸ் புலோசான் 1946இல் வெளியிட்ட 'அமெரிக்கா இதயத்தில் உள்ளது' என்னும் நூல் இவர்களது அலைந்து திரிந்த வாழ்வைப் பதிவு செய்தது.

இளைஞர்களின் பொழுதுபோக்கிடங்களாகச் சூதாட்டக் கூடங்களும், ஒரு நடனத்திற்குப் பத்து சென்ட் கட்டணம் பெறும் நடன அரங்குகளும் இருந்தன. மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்த கூலி சில இரவுகளிலேயே கரைந்துபோவது வழக்கமாக இருந்தது. இச்சூழலில் தோன்றிய சபைகளும் மன்றங்களும் வேறுவகையான கூடுமிடத்தை வழங்க முற்பட்டன.

தோற்றம் (1928–1933)

1928ஆம் ஆண்டு சில்வெஸ்ட்ரே மொராலெஸ் தலைமையில் பிலிப்பினோ கிறித்தவக் கூட்டுறவு தொடங்கப்பட்டது. இதில் இணைந்தவர்கள் பெரும்பாலும் மாணவர்களும் இளந்தொழிலாளர்களும் ஆவர். தொடக்கத்தில் இது ஒரு சபை என்பதைவிட, வழிபாட்டிற்காகவும் பரஸ்பர உதவிக்காகவும் கூடும் குழுவாகவே இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1933ஆம் ஆண்டு, அது பிலிப்பினோ கிறித்தவ சபை என்னும் பெயருடன் கிறிஸ்துவின் சீடர்கள் பிரிவைச் சேர்ந்த சபையாக அமைந்தது.

இச்சபை உருவான காலம் பிலிப்பினோக்களுக்கு மிகவும் நெருக்கடியான காலம் ஆகும். 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் வேலைவாய்ப்புகளைக் குறைத்தது. கிடைத்த வேலைகளைப் பிலிப்பினோக்கள் பறித்துக்கொள்கின்றனர் என்ற வெறுப்பு வெள்ளையரிடையே பரவியது. 1930ஆம் ஆண்டு சனவரி மாதம் கலிபோர்னியாவின் வாட்சன்வில் பகுதியில் வெள்ளையர் கும்பல்கள் பல நாட்கள் பிலிப்பினோக்களைத் தாக்கின. தொழிலாளர் விடுதி ஒன்றின் மீது நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூட்டில் ஃபெர்மின் தொபேரா என்னும் இளைஞர் கொல்லப்பட்டார்.

சட்டத் தடைகள்

குடியுரிமை

அமெரிக்காவில் இருந்த பிலிப்பினோக்கள் அமெரிக்க ஆட்சிக்குட்பட்டவர்கள் என்ற நிலையில் இருந்தனர். அவர்கள் முழுமையான அயல்நாட்டினரும் அல்லர், குடிமக்களும் அல்லர். அமெரிக்கக் கடவுச்சீட்டுடன் பயணம் செய்ய முடிந்தபோதிலும் அவர்களால் வாக்களிக்க முடியவில்லை. அமெரிக்கப் படைகளில் பணியாற்றிய சிலரைத் தவிர ஏனையோருக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டது.

திருமணம்

வெள்ளையருக்கும் 'மங்கோலியர்' இனத்தவருக்கும் இடையிலான திருமணத்தைக் கலிபோர்னியச் சட்டம் தடை செய்திருந்தது. சால்வடோர் ரோல்டான் என்னும் பிலிப்பினோ, மார்ஜரி ரோஜர்ஸ் என்னும் வெள்ளையினப் பெண்ணை மணப்பதற்கு உரிமம் கோரினார். பிலிப்பினோக்கள் மலாய் இனத்தவர், ஆகவே மங்கோலியருக்கான தடை அவர்களுக்குப் பொருந்தாது என்று அவர் தரப்பு வாதிட்டது. 1933ஆம் ஆண்டு சனவரி மாதம் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

ஆனால் அவ்வெற்றி நீடிக்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் மாதம் மாநிலச் சட்டமன்றம் 'மலாய் இனத்தவர்' என்ற சொற்களைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. பிலிப்பினோ கிறித்தவ சபை உருப்பெற்ற அதே 1933ஆம் ஆண்டிலேயே, அதன் உறுப்பினர்களைப் போன்றவர்கள் அம்மாநிலத்தில் வெள்ளையினப் பெண்களை மணக்கும் வழி அடைக்கப்பட்டது. பிலிப்பினோப் பெண்களோ மிகச் சிலரே இருந்தனர். ஆகவே பலர் வாழ்நாள் முழுவதும் திருமணம் செய்துகொள்ளாமலேயே இருந்துவிட்டனர். வேறு சிலர் தடையில்லாத மாநிலங்களுக்குச் சென்று மணம் புரிந்து திரும்பினர்.

குடியேற்றம்

1934ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் நிறைவேறிய டைடிங்ஸ் மெக்டஃபி சட்டம் பிலிப்பைன்சுக்குப் பத்தாண்டுகளில் விடுதலை அளிப்பதாக உறுதியளித்தது. அதே சமயம் பிலிப்பினோக்களை அயல்நாட்டினராகக் கருதி, ஆண்டொன்றுக்கு 50 பேர் மட்டுமே அமெரிக்காவில் குடியேறலாம் என வரையறுத்தது. மறு ஆண்டு கொண்டுவரப்பட்ட சட்டம் ஒன்று, தாயகம் திரும்ப விரும்புவோருக்கு இலவசக் கப்பல் பயணம் அளித்தது. அவ்வாறு திரும்பியோர் எளிதில் மீண்டும் வர இயலாது. இத்திட்டத்தின் கீழ் சுமார் 2,200 பேர் மட்டுமே திரும்பிச் சென்றனர், ஏனையோர் தங்கிவிட்டனர்.

இச்சட்டங்களின் கூட்டு விளைவு குறிப்பிடத்தக்கது. புதியவர்கள் வருவது ஏறக்குறைய நின்றுபோனது. இருந்தவர்களால் குடும்பம் அமைப்பதும் அரிதாயிற்று. ஒரு சபை வளரும் வழிகள் இரண்டு: புதிய உறுப்பினர் சேர்க்கை, உறுப்பினர்களுக்குப் பிறக்கும் குழந்தைகள். பிலிப்பினோ சபைகளுக்கு இவ்விரு வழிகளும் சட்டத்தால் சுருக்கப்பட்டன.

குடும்பத்தின் இடத்தில் சபை

பிலிப்பினோச் சமூகத்தில் உறவுமுறை இரத்த உறவோடு நின்றுவிடுவதில்லை. திருமுழுக்கு, திருமணம் முதலிய சடங்குகளில் பொறுப்பேற்கும் ஞானப்பெற்றோர், அக்குடும்பத்தின் உறவினராகவே கருதப்படுவர். ஞானத்தந்தை நினோங் எனவும் ஞானத்தாய் நினாங் எனவும் அழைக்கப்படுவர். கத்தோலிக்க மரபில் தோன்றிய இவ்வழக்கம் பிலிப்பினோப் பண்பாட்டின் பொதுக் கூறாகிவிட்டது.

குடியேறிகளிடையே இவ்வழக்கம் புதிய முக்கியத்துவம் பெற்றது. குடும்பங்கள் சிலவே இருந்தமையால், ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் திருமணமாகாத ஆண்கள் பலர் அக்குழந்தைக்கு மாமன்களாகவும் ஞானத்தந்தையராகவும் விளங்கினர். ஞாயிறு வழிபாடும் அதைத் தொடர்ந்த பொது உணவும் இவ்வுறவுகள் பேணப்படும் நேரமாயின. ஊரிலிருந்து வரும் கடிதத்தைப் படித்துக் காட்டவும், வேலை இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளவும், நோயுற்றவருக்குப் பணம் திரட்டவும், உறவினர் எவரும் அருகில் இல்லாமல் இறந்தவரை அடக்கம் செய்யவும் குடியேறிகளின் சபைகளும் ஊர்ச் சங்கங்களும் துணை நின்றன.

பண்ணை வேலைக்காகப் பலர் ஆண்டின் பெரும்பகுதி வெளியூரில் இருந்தமையால் இத்தகைய சபைகளில் கூடுவோரின் தொகை பருவத்திற்குப் பருவம் மாறுபட்டது. நிலையான முகவரி இல்லாத ஒருவருக்கு, திரும்பி வரும்போது தெரிந்த முகங்களைக் காணக்கூடிய இடம் என்பதே சபையின் பெரும் பயனாக இருந்தது.

போரும் குடியுரிமையும்

1941ஆம் ஆண்டு திசம்பரில் சப்பான் பிலிப்பைன்சைத் தாக்கியதைத் தொடர்ந்து அமெரிக்காவில் இருந்த பிலிப்பினோக்கள் பெருமளவில் படையில் சேர முன்வந்தனர். 1942ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் முதலாம், இரண்டாம் பிலிப்பினோக் காலாட்படைப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. 1943ஆம் ஆண்டு பீல் முகாமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோ வீரர்கள் ஒரே விழாவில் அமெரிக்கக் குடியுரிமை பெற்றனர்.

எனினும் குடிமகனாகிச் சீருடை அணிந்த பின்னரும் கலிபோர்னியாவில் வெள்ளையினப் பெண்ணை மணக்கும் தடை நீடித்தது. இதனால் வீரர்களும் அவர்களது மணப்பெண்களும் பேருந்துகளில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் காலப் நகருக்கு அழைத்துச் செல்லப்பட்டு அங்குத் திருமணம் செய்துகொண்டனர்.

போருக்குப் பின் தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீங்கின. 1946ஆம் ஆண்டு சூலை 2ஆம் நாள் கையெழுத்தான லூஸ் செல்லர் சட்டம் பிலிப்பினோக்களுக்கும் இந்தியர்களுக்கும் குடியுரிமை பெறும் தகுதியை அளித்தது. ஆண்டுக் குடியேற்ற வரம்பு 100 ஆக உயர்ந்தது. இரு நாட்களுக்குப் பின், சூலை 4ஆம் நாள், பிலிப்பைன்ஸ் விடுதலை பெற்றது. படைவீரர்களின் மனைவியரை அழைத்துவர 1945ஆம் ஆண்டின் போர்க்கால மணப்பெண்கள் சட்டம் வழி செய்தது. 1948ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் பெரெஸ் எதிர் ஷார்ப் வழக்கில் இனக் கலப்புத் திருமணத் தடையை நீக்கியது. அதே ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெள்ளையரல்லாதோருக்கு வீடு விற்கக்கூடாது என்னும் பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது எனத் தீர்ப்பளித்தது.

யூனியன் அவென்யூக் கட்டிடம்

லாஸ் ஏஞ்சலசின் மையப்பகுதியில் இருந்த பழைய குடியிருப்புகள் அரசுக் கட்டிடங்களுக்காகவும் விரைவுச் சாலைகளுக்காகவும் படிப்படியாக அகற்றப்பட்டன. லிட்டில் மணிலாவிலிருந்து பங்கர் ஹில் பகுதிக்கும், அங்கிருந்து மேற்கே டெம்பிள் தெருப் பகுதிக்கும் பிலிப்பினோக்கள் நகர்ந்தனர். பங்கர் ஹில் குன்றின் மீதிருந்த பழைய வீடுகளும் 1959இல் ஏற்கப்பட்ட நகரப் புதுப்பிப்புத் திட்டத்தின் கீழ் பின்னாளில் இடிக்கப்பட்டன.

இந்த இடப்பெயர்வின் நடுவே, 1950ஆம் ஆண்டு, பிலிப்பினோ கிறித்தவ சபை யூனியன் அவென்யூவில் உள்ள கட்டிடத்திற்கு மாறியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு சபைக்காகக் கட்டப்பட்ட தேவாலயம் இது. அடுத்தடுத்து இடம் மாறிய ஒரு சமூகத்திற்கு இது நிலையான முகவரியை அளித்தது. லிட்டில் மணிலாவின் விடுதிகளும் உணவகங்களும் மறைந்துவிட்ட நிலையில், முதல் தலைமுறையினரோடு நேரடித் தொடர்புடைய கட்டிடங்களில் ஒன்றாக இது எஞ்சியது.

இதன் அருகிலேயே பிற பிலிப்பினோ அமைப்புகளும் இடம்பெற்றன. டெம்பிள் தெருவில் லாஸ் ஏஞ்சலஸ் பிலிப்பினோ அமெரிக்கச் சமூகச் சங்கத்தின் கட்டிடம் 1965ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பிலிப்பினோக் கத்தோலிக்கர்களுக்கான புனித கொலும்பான் ஆலயமும் இப்பகுதியிலேயே உள்ளது.

1965ஆம் ஆண்டுக்குப் பின்

1965ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் கையெழுத்தான குடியேற்றச் சட்டம் நாட்டு வாரியான பழைய பாகுபாட்டை நீக்கி, குடும்ப உறவுக்கும் தொழில் திறனுக்கும் முன்னுரிமை அளித்தது. செவிலியர், மருத்துவர், பொறியாளர், கணக்காளர் முதலியோர் குடும்பத்துடன் வந்தனர். அமெரிக்காவின் பிலிப்பினோ மக்கள்தொகை வேகமாக உயர்ந்தது.

1960ஆம் ஆண்டு: 1,76,310
1970ஆம் ஆண்டு: 3,43,060
1980ஆம் ஆண்டு: 7,74,652

இவ்வளர்ச்சி பழைய சபைகளுக்கு இருவகை விளைவுகளை ஏற்படுத்தியது. ஒருபுறம், பெண்களும் குழந்தைகளும் நிறைந்த குடும்பங்கள் சமூகத்தின் பெரும்பான்மை ஆயின. மறுபுறம், படித்த புதிய குடியேறிகளில் பலர் நகர மையத்தில் தங்காமல் கார்சன், செரிட்டோஸ், வெஸ்ட் கொவீனா போன்ற புறநகர்களில் வீடு வாங்கினர். அங்குள்ள கத்தோலிக்கப் பங்குகளிலும் புதிய சபைகளிலும் இணைந்தனர். மேலும், ஊர் வேலைக்காக அலைந்த முதியவர்களுக்கும் பட்டம் பெற்று வந்த புதியவர்களுக்கும் இடையே வாழ்க்கை அனுபவத்தில் பெரும் இடைவெளி இருந்தது. முதியோருக்கு வாடகை வீடும் மருத்துவமும் தேவைப்பட்டன; இளையோருக்குப் பள்ளியிலும் தெருவிலும் வழிகாட்டுதல் தேவைப்பட்டது.

ராயல் மொராலெஸ்

சபையின் நிறுவனர் சில்வெஸ்ட்ரே மொராலெசின் மகன் ராயல் மொராலெஸ் (1932–2001) இவ்விடைவெளியை நிரப்ப உழைத்தவர்களில் முக்கியமானவர். சமூகப் பணியாளரான இவர் 'அங்கிள் ராய்' என்று அனைவராலும் அழைக்கப்பட்டார். பிலிப்பினோ இளைஞர்களுக்காக 1972ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலசில் தோன்றிய சிப்பா என்னும் தொண்டு அமைப்பின் நிறுவனர்களில் இவரும் ஒருவர். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பிலிப்பினோ அமெரிக்கர் அனுபவம் பற்றிய பாடத்தைக் கற்பித்தார். 1974ஆம் ஆண்டு 'மகிபாகா: பிலிப்பினோ அமெரிக்கர் போராட்டம்' என்னும் நூலை வெளியிட்டார். தகலாகு மொழியில் மகிபாகா என்பதற்குப் போராடு என்பது பொருள்.

தந்தையின் தலைமுறை வழிபாட்டுக் கூடத்தில் செய்த பரஸ்பர உதவிப் பணியை, மகனின் தலைமுறை பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்கள் மூலமாகவும் பல்கலைக்கழக வகுப்புகள் மூலமாகவும் தொடர்ந்தது.

நினைவுச்சின்னமும் வரலாற்றுப் பிலிப்பினோடவுனும்

1998ஆம் ஆண்டு இக்கட்டிடம் நகரின் வரலாற்று, பண்பாட்டு நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இவ்வாறு அறிவிக்கப்பட்ட கட்டிடத்தை நகராட்சியின் ஆய்வின்றி இடிக்கவோ பெருமளவில் மாற்றவோ இயலாது. வாடகை விடுதிகளிலும் பண்ணைக் கூடாரங்களிலும் வாழ்ந்து, தம் பெயரில் கட்டிடம் எதையும் விட்டுச்செல்லாத ஒரு தலைமுறையின் நினைவு இதனால் நகரின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெற்றது.

2002ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி இச்சபையை உள்ளடக்கிய பகுதிக்கு வரலாற்றுப் பிலிப்பினோடவுன் என்று பெயர் சூட்டியது. அக்காலத்திலேயே அப்பகுதியில் பிலிப்பினோக்களைவிட இலத்தீன் அமெரிக்க வம்சாவளியினரே மிகுதியாக வாழ்ந்தனர். எனவே 'வரலாற்று' என்னும் அடைமொழி பொருள் பொதிந்தது. இப்பகுதியின் பூங்கா ஒன்றில் எலிசியோ ஆர்ட் சில்வா 1995இல் வரைந்த பெரிய சுவரோவியம் பிலிப்பினோக்களின் வரலாற்றைச் சித்தரிக்கிறது. 2022ஆம் ஆண்டு பெவர்லி நெடுஞ்சாலையின் மேல் 'தலாங் கபாய்' என்னும் நுழைவு வளைவு திறந்துவைக்கப்பட்டது. இப்பெயருக்கு வழிகாட்டும் விண்மீன் என்பது பொருள்.

பிற பிலிப்பினோ சபைகளுடன் ஒப்பீடு

அமெரிக்காவில் உருவான பிலிப்பினோச் சபைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது வகை, அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபை ஒன்றின் ஆதரவில் குடியேறிகளே அமைத்த சபைகள். பிலிப்பினோ கிறித்தவ சபை இவ்வகையைச் சேர்ந்தது. தாயகத்தில் இதே பிரிவினரில் ஒரு பகுதியினர் 1948ஆம் ஆண்டு பிற சீர்திருத்தச் சபைகளுடன் இணைந்து பிலிப்பைன்ஸ் ஐக்கியக் கிறிஸ்து சபையை உருவாக்கினர்.

இரண்டாவது வகை, ஏற்கனவே உள்ள கத்தோலிக்கப் பங்குகளில் பிலிப்பினோக்கள் இணைந்து அவற்றின் தன்மையை மாற்றியமை. கிறிஸ்துமசுக்கு முந்தைய ஒன்பது நாள் திருப்பலியான சிம்பாங் காபி, இவ்வாறு அமெரிக்கப் பங்குகள் பலவற்றில் நிலைபெற்றது.

மூன்றாவது வகை, பிலிப்பைன்சிலேயே தோன்றிய திருச்சபைகளின் வெளிநாட்டுக் கிளைகள். 1914ஆம் ஆண்டு ஃபெலிக்ஸ் மனாலோ பதிவு செய்த இக்லேசியா நி கிறிஸ்தோ இதற்கு எடுத்துக்காட்டு. இது தன் முதல் வெளிநாட்டுச் சபையை 1968ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள் ஹவாயின் ஈவா பீச்சில் அமைத்தது. அடுத்த மாதமே சான் பிரான்சிஸ்கோவில் இரண்டாவது சபை தோன்றியது. குடியேற்றக் கதவுகள் திறந்த பின் தோன்றியமையால் இச்சபைகள் குடும்பங்களைக் கொண்டு விரைவாகப் பெருகின. 1933இல் தோன்றிய பிலிப்பினோ கிறித்தவ சபைக்கு அத்தகைய வாய்ப்பு இருக்கவில்லை. ஆகவே அச்சபையின் வளர்ச்சியை உறுப்பினர் தொகையைக் கொண்டு மட்டும் அளவிட இயலாது. சட்டம் மூடி வைத்திருந்த காலம் முழுவதும் கலையாமல் நிலைத்திருந்ததே அதன் முதன்மைச் சாதனை ஆகும்.

காலக்கோடு

1898: பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் வசமாதல்.
1901: கிறிஸ்துவின் சீடர்கள் பிரிவின் மறைபரப்பாளர்கள் பிலிப்பைன்ஸ் வருகை.
1906: ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்கு முதல் பிலிப்பினோத் தொழிலாளர்கள் வருகை.
1928: லாஸ் ஏஞ்சலசில் பிலிப்பினோ கிறித்தவக் கூட்டுறவு தொடக்கம்.
1933: பிலிப்பினோ கிறித்தவ சபை அமைதல், கலிபோர்னியத் திருமணத் தடை பிலிப்பினோக்களுக்கும் விரிவாக்கப்படல்.
1934: குடியேற்றம் ஆண்டுக்கு 50 பேராகக் குறைக்கப்படல்.
1946: குடியுரிமை பெறும் தகுதி கிடைத்தல், பிலிப்பைன்ஸ் விடுதலை.
1948: கலிபோர்னியத் திருமணத் தடை நீக்கம்.
1950: சபை யூனியன் அவென்யூக் கட்டிடத்திற்கு மாறுதல்.
1965: புதிய குடியேற்றச் சட்டம்.
1998: 651ஆம் எண் வரலாற்று, பண்பாட்டு நினைவுச்சின்னமாக அறிவிப்பு.
2002: வரலாற்றுப் பிலிப்பினோடவுன் பெயர்சூட்டல்.